என் ஈரலுக்காகக் கேட்டேன், தம்பியையும் சேர்த்துக் கொடுத்தார்

2021 நவம்பரில் ஒரு காலை. என் மனைவி பிலோமினா ஜன்னல் திரையை விலக்கிவிட்டுத் தேத்தண்ணியை என் கையில் கொடுத்தாள். கொடுத்தவள் நகரவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கிட்டே வந்து என் கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"என்னங்க, கண்ணு மஞ்சளா இருக்கு" என்றாள்.

பிழைத்துவிட்டேன் என்று நான் நம்பியிருந்த நேரம் அது. கொரோனா வந்து, இருபத்தாறு நாள் சுவாசக் கருவியில் கிடந்து, கால் வைத்து நடக்கவே மறுபடி பழகி, அக்டோபரில்தான் வீட்டுக்கு வந்திருந்தேன். செபக்குழுவில் இருக்கும் நீங்கள் எல்லோரும் எனக்காகப் பூசை வைத்தீர்கள். "ஆண்டவர் எழுப்பிவிட்டார்" என்று போனில் செய்தி அனுப்பிக்கொண்டீர்கள். நானும் நன்றி சொல்லி முடித்துவிட்டேன். கதை அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ஆரோக்கியசாமி. ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். புக்கிட் தெங்காவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் வேலை, கடைசிப் பன்னிரண்டு வருஷம் சூப்பர்வைசர். ஒரே மகள், கல்யாணமாகி ஜொகூரில் இருக்கிறாள். எனக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி, உண்டு. ஈரலில் கொழுப்பு இருக்கிறது என்று கம்பெனி டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். யாருக்குத்தான் இல்லை என்று விட்டுவிட்டேன்.

அந்த ஆகஸ்டில் எங்கள் பிரிவில் ஒருவர் மாற்றி ஒருவராகக் காய்ச்சலில் விழுந்தார்கள். எனக்கும் வந்தது. அப்போது ஒரு தடுப்பூசிதான் போட்டிருந்தேன். வீட்டிலேயே ஓர் அறையில் அடைந்து கிடந்தேன். காய்ச்சல் மாத்திரையை இரண்டு இரண்டாக விழுங்கினேன். நேரம் பார்த்து விழுங்கவில்லை, உடம்பு சுட்டபோதெல்லாம் விழுங்கினேன். ஒரு நண்பர் கதவுக்கு வெளியே கசாயம் வைத்துவிட்டுப் போவார். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதையும் குடித்தேன். எட்டாம் நாள் மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸ் வந்தது. மூன்றாம் மாடியிலிருந்து என்னை இறக்கும்போது பிலோமினா படிக்கட்டில் நின்று என் காலை மட்டும் தொட்டாள். அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் நினைவில்லை.

மஞ்சள் கண்ணோடு மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதற்கு முன்பே அரிப்பு ஆரம்பித்திருந்தது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தொடங்கி உடம்பெல்லாம் பரவியது. வெளியே ஒரு புள்ளி, ஒரு தடிப்பு இருக்காது. உள்ளுக்குள்ளே எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை, தண்ணீர் போதவில்லை என்று நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் செய்தார்கள், வாய்வழியாகக் குழாய் விட்டுப் பித்தக் குழாயில் அடைத்திருந்த கசடுகளை எடுத்தார்கள். டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. பொறுமையான மனுஷி, எங்களோடு மலாயில்தான் பேசுவார். ஒரு தாளைத் திருப்பிப் பேனாவால் ஒரு மரத்தை வரைந்தார். இதுதான் உங்கள் கல்லீரலுக்குள்ளே இருக்கும் பித்தக் குழாய்கள் என்றார். கிளைகளில் அங்கங்கே கோடு போட்டு அடித்தார். இந்த இடங்களெல்லாம் சுருங்கிப்போயிருக்கின்றன, பித்தம் இறங்க வழியில்லாமல் ரத்தத்தில் கலக்கிறது, அதனால்தான் மஞ்சள், அதனால்தான் அரிப்பு என்றார்.

கொரோனா நுரையீரலைத்தானே பிடிக்கும், ஈரலுக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். அவர் மறைக்காமல் சொன்னார். இந்தக் கிருமி வந்தவர்களில் பலருக்கு ஈரல் கொஞ்சம் வீங்கும், ரத்தப் பரிசோதனையில் தெரியும், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். மிகவும் மோசமாகி, நீண்ட நாள் கருவியில் கிடந்தவர்களில் வெகு சிலருக்குத்தான் இப்படிக் குழாய்கள் கெட்டுப்போகின்றன. கிருமியே தாக்கியிருக்கலாம், உடம்பில் காற்றுக் குறைந்து குழாய்களுக்கு ரத்தம் போகாமல் இருந்திருக்கலாம், மருந்துகளும் சேர்ந்திருக்கலாம், எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். நான் விழுங்கிய மாத்திரைக் கணக்கையும் கசாயத்தையும் பற்றிக் கேட்டபோது மட்டும் அவர் முகம் மாறியது. ஏற்கெனவே களைத்த ஈரலின் மேல் சுமை ஏற்றியிருக்கிறீர்கள் என்றார்.

பிறகுதான் அந்த வார்த்தை வந்தது. சில மாதம் மருந்து கொடுத்துப் பார்ப்போம். தேறவில்லை என்றால் வேறு ஈரல் வைக்க வேண்டியிருக்கும். இறந்தவரிடமிருந்து கிடைக்கும் என்று காத்திருந்தால் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ரத்த சொந்தத்தில் யாராவது தங்கள் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால் கோலாலம்பூரில் செய்வார்கள். கொடுத்தவருக்கு மறுபடி வளர்ந்துவிடும்.

மகள் கொடுக்கிறேன் என்று போனில் அழுதாள். அவள் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. பிலோமினாவுக்கு என் ரத்தப் பிரிவு இல்லை.

"உங்களுக்குக் கூடப் பிறந்தவங்க யாரும் இல்லையா?" என்று டாக்டர் கேட்டார்.

நான் இல்லை என்றேன். பிலோமினா என்னைத் திரும்பிப் பார்த்தாள். 

எனக்கு ஒரு தம்பி உண்டு. பிரான்சிஸ். நிபோங் திபாலில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த தூரம். பதினொரு வருஷமாக அவனோடு நான் பேசியதில்லை.

சின்ன வயதில் அப்படி இல்லை. எங்கள் அப்பா ஹார்பர் கிடங்கில் மூட்டை தூக்கினார். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அப்பாவுக்கு நாங்கள் இரண்டு பேர்தான் உலகம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்களைப் பெரிய ஃபெரியில் ஏற்றிப் பட்டர்வொர்த் போய்விட்டு அப்படியே திரும்பி வருவார். அங்கே ஒரு வேலையும் கிடையாது. காற்று வாங்கத்தான் போவோம். மேல் தட்டில் நின்று ஆளுக்கொரு காச்சாங் பொட்டலம், வறுத்த கடலை. ஊதுகுழல் சத்தம் வந்தால் பிரான்சிஸ் என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொள்வான். அவனுக்கு ஐந்து வயது, எனக்குப் பத்து. பிறகு லிட்டில் இந்தியா தெருவில் நடந்து வருவோம். கேசட் கடை ஒன்றின் வாசலில் அப்பா நின்றுவிடுவார். பாட்டு முடிகிற வரைக்கும் நகர மாட்டார். அவன் தூங்கி வழிவான். நான் முதுகில் தூக்கிக்கொண்டு வீடு வருவேன். வியாகுல மாதா படத்துக்கு முன்னால் செபம் சொல்லும்போது அவன் தலை என் மடியில் இருக்கும். இப்போது நினைத்தாலும் அந்தத் தலையின் கனம் என் தொடையில் தெரிகிறது.

அப்பா 2010-இல் இறந்தார். அப்போது பிரான்சிஸ் மீரி பக்கம் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை பார்த்தான். புயல் அடிக்கிறது, எங்களைக் கரைக்குக் கொண்டு போக முடியாது என்கிறார்கள், ஒரு நாள் பொறுத்துக்கொள் அண்ணே, அப்பா முகத்தைப் பார்க்காமல் மூடிவிடாதே என்று போனில் கெஞ்சினான். அவன் குடிக்கிறவன். குடித்துவிட்டுக் கப்பலைத் தவறவிட்டிருப்பான் என்று உறவுக்காரர் ஒருவர் என் காதில் சொன்னார். நான் அதை நம்பினேன். ஏன் நம்பினேன் என்று இன்றுவரை யோசிக்கிறேன். களைப்பாக இருந்தேன். எல்லாம் முடிந்தால் போதும் என்றிருந்தது. காத்திருக்காமல் அடக்கம் செய்துவிட்டேன்.

மறுநாள் மாலை அவன் வந்தான். கல்லறைக்கு நேரே போனான். ஈர மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். புயல் உண்மை. அவன் ஒரு சொட்டும் குடித்திருக்கவில்லை. திரும்பி என்னிடம் வந்து, "எனக்கு இனி அண்ணன் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டான். நானாவது பின்னால் போயிருக்கலாம். மூத்தவன் நான், என்னை எப்படி அப்படிச் சொல்லலாம் என்று எனக்குக் கோபம். அந்தக் கோபத்தைப் பதினொரு வருஷம் சோறு போட்டு வளர்த்தேன்.

ஆகவே பிலோமினா வீட்டுக்கு வந்து அவன் பெயரை எடுத்தபோது, செத்தாலும் அவனிடம் கேட்காதே என்றேன். அவள் செபமாலையை எடுத்தாள். அதையும் நிறுத்து என்றேன். அரிப்பு என்னைப் பைத்தியமாக்கியிருந்தது. சிமெண்டுத் தரையில் உள்ளங்காலைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்திருந்தது. சாப்பாடு பிடிக்கவில்லை. பதினான்கு கிலோ குறைந்திருந்தேன். நுரையீரலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஈரலை எடுத்துக்கொள்கிற ஆண்டவர் என்ன ஆண்டவர் என்று கேட்டேன். உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், அந்த வாரம் நான் செபிக்கவே இல்லை.

டிசம்பர் முதல் வாரம். பிலோமினா பசாருக்குப் போயிருந்தாள். நான் குளியலறையில் உட்கார்ந்து, குளிர்ந்த தண்ணீரைக் காலில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தேன். தண்ணீர் விழுகிற நேரம் மட்டும் அரிப்பு கொஞ்சம் நிற்கும். அப்படியே அழ ஆரம்பித்தேன். ஆண்டவரே, என் ஈரலைத் திருப்பிக் கொடும் என்று கேட்டேன். வேறு செபம் வரவில்லை. சின்ன வயதிலிருந்து சொல்லிப் பழகிய கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொன்னேன். எங்களுக்குத் தீமை செய்பவர்களை நாங்கள் மன்னிப்பது போல எங்களை மன்னியும் என்ற இடம் வந்தது. அங்கே நின்றுவிட்டேன். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. இத்தனை வருஷம் அந்த வரியைச் சொல்லும்போதெல்லாம் பிரான்சிஸை மன்னிக்க வேண்டியவன் நான் என்றுதான் நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான், அந்த ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. தப்பு செய்தவன் நான். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான்.

துண்டைக் கட்டிக்கொண்டே போய்ப் போனை எடுத்தேன். நம்பர் மாறியிருக்குமோ என்று பயம். மாறவில்லை.

ஈரலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். கேட்பதற்காகத்தான் கூப்பிட்டேன் என்று அவன் நினைத்துவிடக் கூடாது. "பிரான்சிஸ், அண்ணன் பேசுறேன்" என்றேன். அந்தப் பக்கம் ஆலைச் சத்தம் கேட்டது. அவன் போனை வைக்கவில்லை. "அப்பாவை நீ வர்றதுக்கு முந்தி நான் மூடியிருக்கக் கூடாது. உன்னை நம்பியிருக்கணும். தப்பு என்னோடது. என்னை மன்னிச்சிரு" என்றேன்.

ஆலைச் சத்தத்திலிருந்து அவன் தள்ளிப் போவது கேட்டது. பிறகு கேட்டான்.

"எந்த ஆஸ்பத்திரி?"

அவனுக்குத் தெரிந்திருந்தது. உங்களில் யாரோ ஒருவர் மூலம் எல்லாம் தெரிந்திருந்தது. நான் கருவியில் கிடந்த நாட்களில் அவன் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் மோட்டாரில் வந்து, உள்ளே யாரையும் விடமாட்டார்கள் என்று தெரிந்தும் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறான். இதை அவன் சொல்லவில்லை. பிறகு பிலோமினாதான் சொன்னாள். என் துணிமணியைக் கொடுக்க வாசலுக்கு வந்தபோது அவள் பார்த்தாளாம். என் கோபத்துக்குப் பயந்து மறைத்து வைத்திருந்தாள்.

அந்த சனிக்கிழமை வந்தான். கதவைத் திறந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் வீங்கியிருந்தது, வயிறு தள்ளியிருந்தது, நாற்பத்தாறு வயதில் என்னைவிடக் கிழவனாக இருந்தான். மனைவி பிரிந்துபோய் நாலு வருஷம் ஆகிவிட்டது, தனியாகத்தான் இருக்கிறான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அவன் என் மஞ்சள் கண்ணைப் பார்த்தான். நான் அவன் நடுங்குகிற கையைப் பார்த்தேன். இரண்டு பேரும் வாசலிலேயே நின்று அழுதோம். பக்கத்து வீட்டுச் சீன அக்கா கதவைத் திறந்து பார்த்துவிட்டு மெல்ல மூடிக்கொண்டார்.

"என் ரத்தமும் ஓ தான் அண்ணே. எப்ப வெட்டணுமாம்?" என்றான்.

டாக்டரிடம் அழைத்துப் போனோம். ரத்தப் பிரிவு பொருந்தியது. ஸ்கேன் பார்த்தபோது டாக்டர் தலையசைத்தார். உங்கள் ஈரலே கொழுப்பு மண்டிப்போய் இருக்கிறது, குடியால் வீங்கியிருக்கிறது, இதில் ஒரு துண்டை எடுத்தால் உங்கள் உயிருக்கே ஆபத்து, இவருக்கும் உதவாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் அதோடு விட்டுவிட்டேன். அவன் விடவில்லை. சரியாக்க முடியுமா என்று கேட்டான். குடியை அடியோடு நிறுத்தி, எடையைக் குறைத்து, நாலைந்து மாதம் கழித்து வந்தால் மறுபடி பார்க்கலாம் என்றார். திடீரென்று நீங்களாக நிறுத்தாதீர்கள், கை நடுக்கத்துக்கு மருந்து தருகிறேன், கிளினிக்குக்கு வந்து நிறுத்துங்கள் என்றும் சொன்னார்.

வெளியே வந்ததும், பரவாயில்லை தம்பி, நீ வந்ததே போதும் என்றேன்.

"நீ சும்மா இரு லா. அப்பாவுக்குத்தான் ஒன்னும் செய்ய முடியல" என்றான்.

கிளினிக் மருந்தின் துணையோடு அன்றே நிறுத்த ஆரம்பித்தான். முதல் இரண்டு வாரம் எங்கள் வீட்டிலேயே தங்கவைத்தோம். வியர்த்துக் கொட்டும், கை ஆடும், கோபத்தில் கத்துவான். ஒரு பக்கம் நான் சொறிந்துகொண்டு கிடப்பேன், மறுபக்கம் அவன் நடுங்கிக்கொண்டு கிடப்பான். பிலோமினா இரண்டு பேருக்கும் நடுவே கஞ்சிக் கிண்ணத்தோடு நடப்பாள். வேலைக்குத் திரும்பிய பிறகு தினமும் விடிந்ததும் செம்பனை மரங்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் நடந்தான். நடந்து முடித்ததும் எனக்குப் போன் செய்வான். மூச்சு வாங்கிக்கொண்டே இன்றைக்கு எவ்வளவு தூரம் என்று சொல்வான். ஞாயிறுதோறும் வருவான். மூவரும் பூசைக்குப் போவோம். வீட்டுக்கு வந்து பழைய கதை பேசுவோம். புக்கிட் மெர்தாஜாம் திருவிழாவில் அவன் தொலைந்துபோய், மெழுகுத்திரி விற்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து வியாபாரம் செய்துகொண்டிருந்ததைச் சொல்லிச் சிரிப்போம். அப்பா குரலில் பேசிக் காட்டுவான். அந்தக் குரலைப் பதினொரு வருஷம் கழித்துக் கேட்டேன். அரிப்பை மறந்து நான் சிரித்த நேரங்கள் அவைதான். என் வாழ்க்கையின் மிக மோசமான மாதங்கள் அவை. ஆனால் இப்போது நான் அடிக்கடி ஏங்குவது அந்த ஞாயிற்றுக்கிழமைகளுக்காகத்தான்.

ஏப்ரலில் அவன் பதின்மூன்று கிலோ குறைந்திருந்தான். மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கொழுப்பு வெகுவாகக் கரைந்துவிட்டது, கோலாலம்பூருக்கு எழுதுகிறேன், அடுத்த பரிசோதனைகளை அங்கே செய்வார்கள் என்றார். பிரான்சிஸ் பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். அதற்காக எனக்கும் புதிதாக ரத்தம் எடுத்தார்கள்.

மூன்று நாள் கழித்து டாக்டரே கூப்பிட்டார். என் ரத்தத்தில் மஞ்சள் அளவு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. தவறாக இருக்கலாம், மறுபடி எடுப்போம் என்றார். மறுபடி எடுத்தார்கள். அதே அளவு. அப்போதுதான் பிலோமினா சொன்னாள், ஒரு வாரமாகப் பூசையில் உங்கள் கை சும்மா இருக்கிறது, நீங்கள் சொறியவே இல்லை, சொன்னால் நின்றுவிடுமோ என்று பயந்து சொல்லவில்லை என்று. நானும் கவனித்திருந்தேன். நானும் அதே பயத்தில் சொல்லாமல் இருந்தேன். இரண்டு வாரம் கழித்து இன்னும் இறங்கியது. அடுத்த மாதம் இன்னும். கண் வெளுத்தது.

டாக்டர் சொன்னார், சிலருக்கு இப்படித் தேறுவதுண்டு, குழாய் அடைப்பை எடுத்ததும் மருந்தும் உதவியிருக்கும், ஏன் சிலர் தேறுகிறார்கள், சிலர் தேறுவதில்லை என்று எங்களுக்கே முழுதாகத் தெரியாது, இப்போதைக்கு அறுவை வேண்டாம் என்று. மருத்துவர் கையால் ஆண்டவர் செய்ததுதான் அது. எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

பிரான்சிஸ் முகம் விழுந்துவிட்டது. "அப்ப என் ஈரல் வேணாமா?" என்று கேட்டான். டாக்டர் சிரிக்கவில்லை. அவன் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு சொன்னார்.

"அது உங்களுக்கு வேணும் பிரான்சிஸ். டிசம்பர்ல நான் பார்த்தப்ப உங்க ஈரல் உங்க அண்ணன் ஈரலவிட மோசமான பாதையில போய்க்கிட்டு இருந்துச்சு. அப்படியே விட்டிருந்தா இன்னும் ரெண்டு மூணு வருஷத்துல நீங்கதான் இங்க படுத்திருப்பீங்க. அதுவரைக்கும் யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க."

 பிலோமினா செபமாலையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.  குளியலறைத் தரையில் உட்கார்ந்து நான் கேட்டது என் ஒருத்தன் ஈரலை. தனியாக ஓர் அறையில் குடித்துக் குடித்துச் செத்துக்கொண்டிருந்த என் தம்பியை எனக்கு நினைவே இல்லை. ஆண்டவருக்கு நினைவிருந்தது. என் மஞ்சள் கண் இல்லாவிட்டால் நான் அவனைக் கூப்பிட்டிருக்கவே மாட்டேன். நான் கூப்பிடாவிட்டால் அவன் ஸ்கேன் எடுத்திருக்கவே மாட்டான்.

இன்றைக்கு நான் நன்றாக இருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்க்கிறேன். மாத்திரை தொடர்கிறது. குழாய்கள் முன்பு இருந்த மாதிரி ஆகிவிடவில்லை, கவனமாகத்தான் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்கிறார். யார் எந்தக் கசாயம் கொடுத்தாலும் டாக்டரைக் கேட்காமல் வாயில் வைப்பதில்லை. கம்பெனியில் புதிதாக வருகிறவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். காய்ச்சல் விட்ட பிறகும் கண்ணோ சிறுநீரோ மஞ்சளானால், காரணமில்லாமல் அரித்தால், நாள் கடத்தாமல் போய்ப் பாருங்கள். என் தம்பி குடியைத் தொட்டு வருஷக்கணக்காகிவிட்டது. இந்தச் செபக்குழுவில் நாற்காலி போடுகிறவன் அவன்தான். நான் பேசுவதைக் கேட்கக் கூச்சப்பட்டு இப்போது வெளியே போய் நிற்கிறான்.

சகோதர சகோதரிகளே, உங்களுக்கு வரும் நோய்க்கு மருந்து சாப்பிடுங்கள், டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், மண்டியிட்டு ஆண்டவரிடமும் கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள். குளியலறையில் உட்கார்ந்து கேட்டாலும் அவருக்குக் கேட்கும். ஆனால் கேட்கும்போது ஏதாவது ஒரு வரியில் உங்கள் நாக்கு நின்றுவிட்டால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். அந்த இடத்தில் ஒரு பெயர் இருக்கும். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்தப் பெயரைக் கூப்பிடுங்கள். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், நானும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் கேட்டதைவிட அதிகமாகக் கொடுக்க அவர் காத்திருக்கிறார். எனக்குக் கொடுத்தார். அவருக்கே நன்றி.